நண்பர்களோடு சாண்டோரினி: சரிவில் தங்குங்கள், விளிம்பில் நடங்கள்

கிரேக்கத் தீவான சாண்டோரினி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் மெதுவடையைத்தான் காட்டுவேன், அதுவும் ஒருபக்கம் கடித்து வைத்த வடையை. நடுவில் இருக்கும் ஓட்டைதான் கால்டெரா. எரிமலை பலமுறை வெடித்து, நடுப்பகுதி உள்ளே சரிந்து, கடல் புகுந்த இடம் அது. கடைசிப் பெரிய வெடிப்பு சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. மிச்சமிருக்கும் பெரிய பிறைத் துண்டுதான் தீரா, நாம் சாண்டோரினி என்று சொல்லும் முதன்மைத் தீவு. எதிரே சின்னத் துண்டாகத் திராசியா, அதைவிடச் சின்னதாக அஸ்ப்ரோனிசி. ஓட்டையின் நடுவே பின்னாளில் முளைத்த இரண்டு கரும்பாறைத் தீவுகள்: பலேயா கமேனி, நேயா கமேனி.

இந்த வடை மனதில் பதிந்துவிட்டால் திட்டமிடும் வேலையில் பாதி முடிந்தது. ஓட்டையைப் பார்த்த மேற்குப் பக்கம் கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் பாறை; சில இடங்களில் 300 மீட்டர் உயரம். நீங்கள் படங்களில் பார்த்த வெள்ளை வீடுகளும் நீலக் குவிமாடங்களும் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. கிழக்குப் பக்கம் வேறு ஊர் மாதிரி. திராட்சைத் தோட்டங்கள் வழியாக நிலம் மெல்லச் சரிந்து கருமணல் கடற்கரையில் போய் முடியும். விளிம்பில் காட்சி உண்டு. ஆனால் கடற்கரை கிடையாது, படிகள் ஏராளம், விலையும் தலை சுற்றும். சரிவில் அந்தக் காட்சி இல்லை. ஆனால் குளிக்கலாம், அரட்டை அடிக்கலாம், பையும் காலியாகாது.

தேனிலவுக்குப் போகிறவர்கள் விளிம்பிலேயே கிடக்கட்டும். நண்பர்கள் கூட்டமாகப் போகிறீர்கள் என்றால் சரிவில் தங்கி, விளிம்பை நடந்து பாருங்கள். கடைசியில் ஒரே ஓர் இரவு மட்டும் மேலே. நாங்கள் ஆறு பேர் அப்படித்தான் செய்தோம்.

எந்த மாதம்

ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் வரைதான் தீவு முழுதாகத் திறந்திருக்கும். குளிர்காலத்தில் பெரும்பாலான விடுதிகளும் உணவகங்களும் கதவடைத்துவிடும்.

ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். வெயில், கூட்டம், விலை என்று மூன்றும் உச்சத்தில் இருக்கும். போதாக்குறைக்கு மெல்தெமி என்ற வடகாற்று வேறு. அது பலமாக வீசும் நாளில் படகுப் பயணங்கள் ரத்தாகும், விரைவுக் கப்பல்களே நின்றுவிடுவதும் உண்டு. மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை நல்லது. செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை அதைவிட நல்லது, ஏனென்றால் கோடை முழுதும் காய்ந்த கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். நாங்கள் போனது செப்டம்பர் கடைசி வாரம்.

கூட்டம் என்று நான் சொல்வது முக்கியமாக உல்லாசக் கப்பல் கூட்டத்தை. ஒரே காலையில் மூன்று நான்கு கப்பல்கள் வந்து கால்டெராவில் நிற்கும். தீவின் மக்கள்தொகையே ஏறத்தாழ 15,000தான். ஒருநாளைக்கு 8,000 கப்பல் பயணிகளுக்கு மேல் இறங்கக்கூடாது என்று 2025 முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள் என்றால் நிலைமை புரியும். எந்த நாளில் எத்தனை கப்பல் வருகிறது என்ற அட்டவணை இணையத்தில் கிடைக்கும். விளிம்பில் இருக்கும் முக்கிய ஊர்களான ஃபிராவுக்கும் (தீவின் தலைநகர்) ஈயாவுக்கும் போகும் நாட்களை அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். (Oia என்று ரோமன் எழுத்தில் இருப்பதை ‘ஓயா’ என்று படித்துப் பேருந்தில் கேட்டோம், நடத்துநருக்குப் புரியவே இல்லை. உள்ளூரில் அது ‘ஈயா’.)

நிலநடுக்கம் பற்றி வீட்டில் கேட்பார்கள். 2025 ஜனவரி, பிப்ரவரியில் அந்தக் கடற்பகுதியில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தன; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தற்காலிகமாகத் தீவைவிட்டுக் கிளம்பினார்கள். பிறகு அடங்கியது. நேயா கமேனி கடைசியாக வெடித்தது 1950-இல். பல ஊர்களை இடித்த பெரிய நிலநடுக்கம் 1956 ஜூலையில். அது உயிருள்ள எரிமலைதான், மறைக்க ஒன்றுமில்லை. பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் முன்பதிவு செய்யுங்கள், கிளம்புமுன் செய்திகளைப் பாருங்கள்.

ஆட்களும் பணமும்

நண்பர்களோடு போகும் பயணம் எரிமலையால் கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. பில் பிரிப்பதில்தான் கெட்டுப்போகும்.

நான்கு பேர் என்றால் ஒரு கார், இரண்டு அறை, கச்சிதம். ஐந்து பேர் காரில் நெருங்கி உட்கார வேண்டும், பெட்டிகளுக்கு இடமிருக்காது. ஆறு பேர் என்றால் இரண்டு கார் அல்லது ஒரு வேன். எட்டைத் தாண்டினால் எந்த உணவகத்திலும் மேசை கிடைக்காமல் தெருவில் நிற்பீர்கள்.

நாங்கள் ஒரு பொதுப் பை வைத்துக்கொண்டோம். முதல் நாளே ஆளுக்கு 100 யூரோ அதில் போட வேண்டும். பேருந்து, தண்ணீர், மதியச் சாப்பாடு, டிப்ஸ் எல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி ஆளுக்கு 50. கறாரான ஒருவரைப் பொருளாளர் ஆக்கிவிடுங்கள். ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார். அறை, கார், படகு மாதிரிப் பெரிய செலவுகளை மட்டும் ஸ்ப்ளிட்வைஸ் என்ற செலவு பிரிக்கும் செயலியில் எழுதினோம். மது குடிப்பவர்கள் அதற்குத் தனியாகக் கொடுத்தார்கள். இதைப் போகுமுன்பே பேசிவிடுவது நல்லது, மேசையில் பில் வந்தபிறகு பேசினால் சங்கடம்.

இன்னொரு கணக்கு: கிரீஸில் விடுதிக் கட்டணத்துக்குமேல் காலநிலை வரி என்று ஒன்று வாங்குகிறார்கள். அது ஆளுக்கு அல்ல, அறைக்கு, ஒவ்வோர் இரவுக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மூன்று நட்சத்திர விடுதிக்கு 5 யூரோ, நான்குக்கு 10, ஐந்துக்கு 15; ஏர்பிஎன்பி மாதிரிக் குறுகிய கால வாடகைக்கு விடும் அடுக்ககங்களுக்கு 8. முன்பதிவில் கட்டிய தொகையில் இது பெரும்பாலும் சேராது, வரவேற்பு மேசையில் தனியாகக் கேட்பார்கள். நான்கு பேர் ஒரே அடுக்ககத்தில் தங்கினால் இதிலும் மிச்சம்.

விசா

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்பு கொடுத்திருக்க வேண்டும். கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு, நீங்கள் ஐரோப்பாவைவிட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

குழுவாகப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, எல்லா அறைகளையும் ஒருவர் பெயரில் போடுவது. விண்ணப்பம் ஆளுக்கு ஆள் தனியாகத்தான் பரிசீலிக்கப்படும். ஆகவே விடுதி உறுதிச்சீட்டில் எல்லோர் பெயரும் இருக்கும்படி விடுதிக்கு எழுதி வாங்கிவிடுங்கள். ஒருவருக்குக் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். கசப்பான பேச்சுதான், ஆனால் தேவை.

ஏதென்ஸிலிருந்து தீவுக்கு

விமானத்தில் முக்கால் மணி நேரம். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து விரைவுக் கப்பலில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம், பெரிய சாதாரணக் கப்பலில் ஏழெட்டு மணி நேரம். போகும்போது பெரிய கப்பல், வரும்போது விமானம் என்பது என் கட்சி.

காரணம் சொல்கிறேன். விரைவுக் கப்பல்கள் பலவற்றில் பேருந்து மாதிரி உள்ளேயே உட்கார வேண்டும். பெரிய கப்பலில் மேல்தளத்தில் நிற்கலாம், காற்று வாங்கலாம், சீட்டாடலாம். வழியில் தீவு தீவாக நின்று போகும். கடைசியில் கப்பல் வடக்கு வாய் வழியாக, ஈயாவுக்கும் திராசியாவுக்கும் நடுவே கால்டெராவுக்குள் நுழையும். அப்போது இடப்பக்கம் போய் நில்லுங்கள். கறுப்பும் சிவப்பும் சாம்பலுமாக அடுக்கடுக்கான பாறை, அதன் உச்சியில் பனி கொட்டியது போல வீடுகள். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த எங்கள் கூட்டம் அங்கே வாயை மூடியது.

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து நீலத் தட மெட்ரோ 2022 முதல் நேராகப் பிரேயஸ் வரை போகிறது. நள்ளிரவில் இறங்குகிறவர்களுக்கு எக்ஸ்96 பேருந்து இரவு முழுதும் உண்டு. கப்பல்கள் அதிகாலையிலேயே கிளம்பும், துறைமுகமும் மிகப் பெரியது. சீட்டில் எந்த வாயில் என்று போட்டிருக்கிறதோ அதைப் பார்த்து, நடக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கப்பலில் ஏறியதும் கார்கள் நிற்கும் கீழ்த்தளத்தில் ஒவ்வொரு தீவின் பெயர் எழுதிய அடுக்குகள் இருக்கும். பெட்டியைச் சாண்டோரினி அடுக்கில் வைத்துவிட்டு மேலே போகலாம். பணம், கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

இறங்குவது ஒரு சாகசம். கப்பல் அதினியோஸ் துறையில் சில நிமிடங்கள்தான் நிற்கும். அறிவிப்பு வந்ததும் எல்லோரும் கீழ்த்தளத்தில் லாரிகளுக்கு நடுவே கூடி நிற்க, பின்கதவு இறங்கியதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வெளியே பாயும். கரையில் பெயர்ப்பலகை தூக்கிய ஓட்டுநர்கள், ஏற ஓடுபவர்கள், ஹாரன் சத்தம். பதறாதீர்கள். கப்பல் நேரத்துக்குப் பொதுப் பேருந்து வந்து நிற்கும், அது ஃபிராவுக்குப் போகும். ஆறு பேர் என்றால் விடுதியிடம் சொல்லி ஒரு வேன் வரவழைப்பதும் பெரிய செலவில்லை. டாக்ஸியை மட்டும் நம்ப வேண்டாம். மொத்தத் தீவுக்கும் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

எங்கே தங்குவது

பெரிஸாவும் அதை ஒட்டிய பெரிவோலோஸும் தெற்குச் சரிவில் இருக்கும் நீளமான கருமணல் கரை. இளவட்டக் கூட்டம், கடலோர மதுக்கூடங்கள், தீவிலேயே மலிவான அறைகள். கமாரி கொஞ்சம் அமைதியானது, விமான நிலையத்துக்குப் பக்கம். இரண்டுக்கும் இடையே மெசா வூனோ என்ற மலை குறுக்கே நிற்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊர் என்றாலும் காரில் சுற்றித்தான் போக வேண்டும். கடற்கரையே வேண்டாம், இரவில் ஃபிராவில் ஆடிவிட்டு நடந்தே அறைக்கு வர வேண்டும் என்பவர்களுக்குக் கார்தெராதோஸ். ஃபிராவிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான், விலையும் நியாயம்.

விளிம்பில் தங்கும் அந்த ஓர் இரவுக்கு ஃபிராவை ஒட்டிய ஃபிரோஸ்தெஃபானியைச் சொல்வேன். ஃபிராவின் பேருந்து நிலையம் நடக்கும் தூரம், இரைச்சல் குறைவு. ஈயா அழகுதான், ஆனால் தீவின் வடகோடி, விலையும் அதற்கேற்ப.

முன்பதிவு செய்யுமுன் விடுதிக்கு எழுதி இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒன்று: “சாலையிலிருந்து அறைக்கு எத்தனை படிகள்?” நாற்பதா, நூற்றைம்பதா என்பது சக்கரப் பெட்டி வைத்திருப்பவருக்கு வாழ்வா சாவா பிரச்சினை. இரண்டு: “படுக்கைகள் எங்கே இருக்கின்றன?” விளிம்பில் இருக்கும் பழைய வீடுகள் எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையைக் குடைந்து செய்த குகைகள். வெயிலில் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் கதவும் ஜன்னலும் முன்பக்கம் மட்டும்தான். ரயில் பெட்டி மாதிரி அறைக்குப் பின் அறை. உள்ளறையில் படுப்பவர் வெளியே போக வேண்டும் என்றால் முன்னறையில் தூங்குபவரைத் தாண்டித்தான் போக வேண்டும். குறட்டை விடும் நண்பருக்கு எந்த அறை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம்.

தீவுக்குள் சுற்றுவது

பேருந்து வலைப்பின்னல் ரொம்ப எளிது: எல்லாத் தடமும் ஃபிராவில் சந்திக்கும். பெரிஸாவிலிருந்து ஈயா போக வேண்டுமா, ஃபிராவில் மாறுங்கள். கட்டணம் தூரத்தைப் பொறுத்து இரண்டு யூரோவைச் சுற்றி. வண்டியிலேயே நடத்துநர் சீட்டுக் கொடுப்பார், சில்லறை வைத்திருங்கள். மாலைச் சூரியன் மறைந்ததும் ஈயாவிலிருந்து ஃபிரா வரும் பேருந்தில் இடம் பிடிப்பது தீபாவளிக்கு முதல் நாள் ஊருக்குப் போவது மாதிரி.

தெற்குப் பகுதி பார்க்க ஒருநாள் கார் எடுங்கள். ஊரிலிருந்து கிளம்புமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிட வேண்டும். வண்டி வலப்பக்கமாக ஓட்ட வேண்டும், பழகாதவர்களுக்கு முதல் அரை மணி நேரம் வியர்க்கும்.

குவாட் என்ற நாலு சக்கர பைக்கைத் தெருவுக்குத் தெரு வைத்திருப்பார்கள். கிரேக்கர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘குரூனா’, அதாவது பன்றி. எங்களில் இருவர் ஆசைப்பட்டு எடுத்தார்கள். மெகாலோஹோரி என்ற ஊரைத் தாண்டியதும் டயர் வெடித்தது. நல்லவேளை, மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ‘முழுக் காப்பீடு’ என்று சொல்லி வண்டியைக் கொடுத்த கடைக்காரர், டயரும் அடிப்பாகமும் அதில் சேராது என்று சின்ன எழுத்தைக் காட்டிப் பணம் பிடித்துக்கொண்டார். கார் எடுத்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: டயர், கண்ணாடி, அடிப்பாகம் சேருமா? எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துவிடுங்கள்.

ஐந்து நாள் திட்டம்

முதல் நாள் கப்பலில் வந்து சேர்வதே பாதி நாளைத் தின்றுவிடும். கடலில் ஒரு முழுக்கு, இரவில் கரையோரம் சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான். ஒன்று சொல்ல வேண்டும்: கருமணல் நண்பகலில் தோசைக்கல். தண்ணீர் வரை செருப்போடு போங்கள்.

இரண்டாம் நாள் படகு. ஏன் இரண்டாம் நாள்? காற்றடித்து ரத்தானால் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ போகலாம். கடைசி நாளுக்கு வைத்தால் அதோடு போச்சு.

படகில் இரண்டு வகை. ஃபிராவுக்குக் கீழே இருக்கும் பழைய துறையிலிருந்து கிளம்பும் மரப்படகு மலிவு. நேயா கமேனியில் இறக்கி எரிமலை வாய்க்கு நடத்திப்போவார்கள், பிறகு வெந்நீர் ஊற்று. தெற்குக் கரையின் விலிஹாதா துறையிலிருந்து கிளம்பும் கேட்டமரன் என்ற இரட்டை உடல் படகில் ஐந்து மணி நேரம், சாப்பாட்டோடு ஆளுக்கு 100 யூரோவைத் தாண்டும். எட்டுப் பேர் இருந்தால் தனிப் படகுக்கு விலை கேட்டுப் பாருங்கள். சில சமயம் பெரிய வித்தியாசம் இருக்காது. வெந்நீர் ஊற்று என்றதும் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வைத்து யோசிக்காதீர்கள். படகு கொஞ்சம் தள்ளி ஆழத்தில்தான் நிற்கும், அங்கிருந்து குளிர்ந்த கடலில் குதித்து நீந்திப்போக வேண்டும். இரும்பும் கந்தகமும் கலந்த செம்பழுப்புத் தண்ணீர், வெதுவெதுப்புதான். வெளிர் நிற உடை கறைபட்டுவிடும், பழையதைப் போட்டுக்கொள்ளுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் மிதவைச் சட்டை கேளுங்கள். எங்களில் மூவர் அப்படித்தான் மிதந்தார்கள்.

மூன்றாம் நாள் கார், தெற்கு. காலையில் கதவு திறந்ததும் அக்ரோதிரிக்குள் நுழைந்துவிடுங்கள். தீவில் ஒரே ஓர் இடத்துக்குக் காசு கொடுத்துப் போவதென்றால் நான் இங்கேதான் போவேன். 2025 முதல் நுழைவுக் கட்டணம் 20 யூரோ. அந்தப் பெரிய வெடிப்பில் சாம்பலுக்கடியில் போன வெண்கலக் கால நகரம் இது. ஸ்பிரிடோன் மரினாதோஸ் என்ற தொல்லியலாளர் 1967-இல் தோண்டத் தொடங்கினார்; 1974-இல் இங்கேயே, பணியிடத்திலேயே இறந்தார். இரண்டு மூன்று மாடி வீடுகள், கல் பாவிய தெரு, தெருவுக்கடியில் சாக்கடை, வரிசையாகத் தானியச் சாடிகள். மரச்சாமான்கள் மக்கிப்போய் விட்ட வெற்றிடத்தில் சாந்து ஊற்றிக் கட்டிலின் வடிவத்தை மீட்டிருக்கிறார்கள். எரிமலையில் புதைந்த இத்தாலிய நகரம் பாம்பெயி மாதிரி இங்கே உடல்கள் கிடைக்கவில்லை. முன்னால் வந்த நிலநடுக்கத்தைப் பார்த்தே ஊர் மக்கள் கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது. 2005-இல் மேற்கூரையின் ஒரு பகுதி சரிந்து ஒரு பயணி இறந்ததால் மூடி, 2012-இல்தான் மறுபடி திறந்தார்கள்.

உள்ளே சுவரோவியங்களைத் தேடாதீர்கள். சில ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில், சில ஃபிராவில் இருக்கும் வரலாற்றுக்கு முந்தைய தீரா அருங்காட்சியகத்தில். ஃபிராவில் இருக்கும் நீலக் குரங்கு ஓவியத்தைத் தவறவிடாதீர்கள். வாலைத் தூக்கி வளைத்துப் பாறையில் தாவும் அந்தக் குரங்குகள் நம்மூர் அனுமந்த லங்கூர் வகை என்று குரங்கின ஆய்வாளர்கள் சிலர் அண்மையில் வாதிட்டிருக்கிறார்கள். கிரேக்கத் தீவில் 3,600 ஆண்டுக்கு முந்தைய சுவரில் நம் கோயில் வாசலில் தேங்காய் பிடுங்கும் ஆசாமி!

அக்ரோதிரிக்குப் பக்கத்தில் செங்கரை என்ற சிவப்புப் பாறைக் கடற்கரை. பாறை சரியும் ஆபத்து என்று பலகை வைத்திருப்பார்கள். மேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். எம்போரியோ என்ற ஊரின் பழைய கோட்டைச் சந்துகளில் ஒரு மணி நேரம் தொலைந்து போகலாம். மாலைக்குப் பிர்கோஸ். தீவின் நடுவே மேட்டில் இருக்கும் இந்த ஊரின் உச்சியிலிருந்து விளிம்பு, சரிவு இரண்டும் ஒரே பார்வையில் தெரியும். சூரிய அஸ்தமனத்தை இங்கே பாருங்கள், இல்லையென்றால் 1892-இல் கட்டிய அக்ரோதிரி கலங்கரை விளக்கத்தடியில் பாருங்கள். ஈயா கோட்டையில் அஸ்தமனம் பார்ப்பது திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் பார்ப்பது போல. முன்னால் நிற்பவரின் கைப்பேசித் திரையில்தான் சூரியன் தெரியும்.

நான்காம் நாள் மூட்டை கட்டி மேலே ஏறுங்கள். ஃபிரா அருங்காட்சியகம், கடைத்தெரு, பழைய துறை. துறைக்கு 580-க்கும் மேற்பட்ட படிகள், கேபிள் கார், கழுதை என்று மூன்று வழி. கழுதையில் ஏறாதீர்கள், வெயிலில் அவை படும் பாட்டைப் பார்த்தால் உங்களுக்கே மனம் வராது. 100 கிலோவுக்கு மேற்பட்ட சுமை ஏற்றக்கூடாது என்று 2018-இல் விதி போட வேண்டியிருந்தது என்றால் பாருங்கள். நடந்து இறங்கினால் சாணம் வழுக்கும். கேபிள் காரே உத்தமம்.

ஐந்தாம் நாள்: ஈயாவிலிருந்து நடை

மொத்தப் பயணத்தின் சாரமும் இந்தப் பத்து கிலோமீட்டரில் இருக்கிறது. எல்லோரும் ஃபிராவிலிருந்து ஈயாவுக்கு நடப்பார்கள். நீங்கள் எதிர்த்திசையில் நடங்கள். ஃபிராவிலிருந்து முதல் பேருந்தில் ஈயா போய் இறங்கினால் தெரு கூட்டுபவர்களும் பூனைகளும்தான் இருப்பார்கள். நீலக் குவிமாடப் படத்துக்கு வரிசை கிடையாது. கப்பல் கூட்டம் வருவதற்குள் ஊரைச் சுற்றிவிட்டுக் கிளம்பலாம். இதில் ஒரு பாதகமும் உண்டு: முதல் பாதி மேடு. ஃபிராவிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு அது இறக்கமாக இருக்கும். காலைக் குளிர்ச்சியில் ஏறிவிடலாம் என்பதால் நான் இதையே சொல்வேன்.

ஊரைத் தாண்டியதும் கல்பாவிய பாதை முடிந்து எரிமலைச் சரளை தொடங்கும். சிவப்பு, கறுப்பு, காவி என்று மண் நிறம் மாறிக்கொண்டே போகும். செருப்பு சரிப்படாது, பிடிமானமுள்ள காலணி வேண்டும். நிழல் என்பதே இல்லை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி. வழியில் தனித்து நிற்கும் வெள்ளைத் தேவாலயங்களின் சுவரோரம் உட்கார்ந்து இளைப்பாறலாம். வலப்பக்கம் முழுதும் கால்டெரா. எரிமலைத் தீவும் கப்பல்களும் பொம்மை மாதிரி கீழே கிடக்கும்.

இரண்டு மணி நேரத்துக்குமேல் நடந்தால் இமெரோவிக்லி, விளிம்பின் உயரமான ஊர். முழங்கால் வலிக்காரர்கள் பேருந்தில் இங்கே வந்து காத்திருக்கலாம். எங்கள் குழுவில் இருவர் அப்படி வந்து எங்களுக்கு முன்னால் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இமெரோவிக்லிக்கு எதிரே கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் பாறைதான் ஸ்காரோஸ். வெனிஸ்காரர்கள் காலத்தில் தீவின் தலைநகரம், கோட்டையும் வீடுகளுமாக நிறைந்திருந்த இடம். இப்போது மொட்டைப் பாறையும் சில சுவர்களும். போய்வர ஒரு மணி நேரம் ஆகும், திரும்பும்போது படியேற்றம் கடுமை. தெம்பு இருந்தால் போங்கள். அங்கிருந்து ஃபிரோஸ்தெஃபானி அரை மணி நேர நடை. விடுதியில் குளித்துவிட்டு மாலை விமானத்துக்குக் கிளம்பலாம்.

சாப்பாடு

சைவர்களுக்கு இந்தத் தீவு கஷ்டமே இல்லை. ஃபாவா என்று கேளுங்கள். இங்கேயே விளையும் மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, மேலே வெங்காயமும் கேப்பரும் தூவித் தருவார்கள். முதல் வாயிலேயே ஒருவன் “டேய், இது பருப்புக் கடைசல்டா” என்றான். தாளிப்பு மட்டும்தான் இல்லை. தொமாதோகெஃப்தேதெஸ் என்பது தக்காளி பக்கோடா. சாண்டோரினியின் குட்டித் தக்காளி மழையே இல்லாமல் விளைவதால் சுவை சுண்டிப்போய் இனிக்கும். வெள்ளைக் கத்தரிக்காயும் இந்த மண்ணின் காய். உணவகத்தில் ‘நிஸ்திசிமோ’ என்று கேட்டால் விரத உணவு என்று பொருள்: இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் அவர்கள் விரதத்தில் கணவாய், இறால் சேர்த்தி. அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அசைவர்கள் மதியம் கீரோஸ் அல்லது சூவ்லாகி (சுட்ட இறைச்சி) ரொட்டியில் சுருட்டி வாங்கினால் சில யூரோவில் வயிறு நிறையும். மீனுக்கு ஈயாவுக்குக் கீழே அமூதி துறை. மேசை தண்ணீரோரம், ஆனால் மீன் விலை கிலோக் கணக்கில். எடை போட்டு விலையைச் சொல்லச் சொல்லி அப்புறம் சம்மதியுங்கள்.

திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தால் முதலில் தோட்டம் என்றே தோன்றாது. காற்றுக்குத் தப்பக் கொடியைத் தரையிலேயே கூடை மாதிரி வட்டமாகச் சுற்றி வளர்க்கிறார்கள், பழம் கூடைக்குள் ஒளிந்திருக்கும். குலூரா என்று பெயர். அதில் வரும் அசிர்திகோ வகை வெள்ளை ஒயினும், வெயிலில் உலர்த்திய பழத்தில் செய்யும் வின்சாந்தோ என்ற இனிப்பு ஒயினும் பேர்போனவை. ருசி பார்க்கப் போகும் நாளில் கார் ஓட்டுபவர் யார் என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

இதர விஷயங்கள்

குழாய்த் தண்ணீர் குடிக்க உதவாது. பெரிய பாட்டில்களாகப் பல்பொருள் கடையில் வாங்கி அறையில் வையுங்கள். கழிப்பறைக் காகிதத்தைக் கோப்பையில் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். நம்மூர் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. அவசர எண் 112. கோடையில் மதியம் 3 முதல் 5.30 வரையும், இரவு 11-க்குப் பிறகும் அமைதி நேரம். மொட்டைமாடியில் பாட்டுப் போட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து நிற்பார், எங்களுக்கு வந்தார். படத்துக்காகத் தேவாலயக் கூரையிலும் அடுத்தவர் மாடியிலும் ஏறாதீர்கள். ஈயாவின் சந்துகளில் இருக்கும் கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

விமான நிலையம் சின்னது, மாலை நேரங்களில் வரிசை வாசலுக்கு வெளியே வரும். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். ஃபிராவிலிருந்து பேருந்தும் உண்டு. ஐரோப்பாவைவிட்டுக் கிளம்பும் பெரிய விமானத்துக்கும் தீவிலிருந்து வரும் விமானத்துக்கும் இடையே ஓர் இரவாவது ஏதென்ஸில் இருப்பது நிம்மதி.

பொதுப் பையில் கடைசியாக 31 யூரோ மிஞ்சியது. ஆளுக்குப் பிரித்தால் ஐந்து யூரோ சொச்சம், பொருளாளர் சில்லறை எண்ணத் தயாரானார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைத்தெருவில் ஃபாவா பருப்புப் பொட்டலங்களாக வாங்கிப் பிரித்துக்கொண்டோம். ஊருக்கு வந்து குக்கரில் மூன்று விசில் விட்டேன். நன்றாகக் குழைந்தது. கடுகு, வரமிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டினேன்.